அலுமினியப் படகும் வெள்ளைப் பொடியும்

 

இந்த ஆண்டாப் ஹில்லில் இருந்து துறைமுகப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, எத்தனை கைகள்! காலையில் குரு தேக் பகதூர் நகர் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறோம். பெரியவர்கள் இன்னும் அதைக் கோலிவாடா ஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்ட் ரோடு என்று வரிசையாக வரும். எங்கே இறங்கினாலும் வெல்டிங், கிரைண்டிங், பெயிண்ட், சுமை என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். நானும் அப்படி இறங்கியவன்தான். வெல்டர் வேலை பார்த்தவன்.

இரும்பு வேலை உங்களில் பலருக்குத் தெரியும். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று அலுமினியப் படகைப் பற்றிப் பேசப் போகிறேன். இரும்பு வேலை தெரிந்த ஒருவர் அதே பழக்கத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் வேலை கெடும். சில சமயம் உயிரே போகும். அதனால்தான் இந்தப் பேச்சு.

"படகு மரத்தில்தானே செய்வார்கள்?" என்று ஒரு அக்கா கேட்கிறார்கள். சரியான கேள்வி. சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் நிற்கும் மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் மரம், அல்லது பைபர். பெரிய கப்பல்கள் இரும்பு. அப்படியானால் அலுமினியம் எங்கே? வேகமாக ஓட வேண்டிய படகுகளில் இருக்கிறது. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எடை குறைந்தால் வேகம் கூடும். எரிபொருளும் மிச்சமாகும்.

நமது கடலோரக் காவல் படைக்கு லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனி பல விரைவுப் படகுகளைக் கட்டிக் கொடுத்தது. அவற்றின் உடல் அலுமினியம். கொச்சியில் 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவை தொடங்கியது. பேட்டரியில் ஓடும் அந்தப் படகுகளைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டியது. அவையும் அலுமினியம்தான். ஒவ்வொரு படகுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அடிப்பாகங்கள் இருக்கும். இப்படி இரட்டை உடல் உள்ள படகை உலகம் முழுவதும் 'கட்டமரான்' என்கிறார்கள். அது எந்த ஊர்ச் சொல்? நம் கட்டுமரம்தான்! வெள்ளைக்காரன் நம் கடற்கரையில் கேட்டு எடுத்துக்கொண்டு போன சொல்.

சரி, படகை விட்டு அடுப்படிக்கு வருவோம். வீட்டில் அலுமினியக் குண்டான் இருக்கிறது. அதில் உப்புத் தண்ணீரையோ புளிக்குழம்பையோ இரவு முழுவதும் வைத்து விடுகிறீர்கள். காலையில் கழுவிப் பார்த்தால் உட்புறம் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். புள்ளியைச் சுற்றி வெள்ளையாகப் பொடி இருக்கும். பல மாதம் அப்படியே நடந்தால் ஒரு நாள் பாத்திரம் ஒழுகும். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை தெரியும். படகிலும் இதேதான் நடக்கிறது. குண்டான் ஒழுகினால் குழம்பு போகும். படகு ஒழுகினால் ஆள் போவார்.

இரும்பு துருப் பிடிக்கும். துரு செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வரும். அதுவும் துருப் பிடிக்கும். அலுமினியம் அப்படி இல்லை. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் ஒரு தோல் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தோல். அது உதிராது, தகட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் அலுமினியத்தைக் காப்பாற்றும். கீறினாலும் காற்றுப் பட்டால் மறுபடி தோல் வளரும். அதனால்தான் நல்ல அலுமினியப் படகு பெயிண்ட் இல்லாமலே பல வருடம் உப்புத் தண்ணீரில் கிடக்கிறது.

அப்படியானால் அரிப்பு எப்படி வருகிறது? அந்தத் தோல் வளர முடியாமல் போகும் இடத்தில் வருகிறது. பெரும்பாலும் அதை மனிதர்களாகிய நாம்தான் உண்டாக்குகிறோம்.

முதலில் தேங்கிய தண்ணீர். படகின் அடியில் ஈரமான கோணி, மரத்துண்டு, ரப்பர் பாய் எதையாவது போட்டு வைப்பார்கள். அதன் கீழே உப்புத் தண்ணீர் நிற்கும். காற்று போகாது. காற்று இல்லை என்றால் தோல் வளராது. அங்கே தகடு குழி குழியாக அரிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாயைத் தூக்கினால் வெள்ளைப் பொடி இருக்கும்.

அடுத்தது வேற்று உலோகம். இதுதான் பெரிய எதிரி. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி போல ஆகிவிடும். சின்னதாக மின்சாரம் ஓடும். இரண்டில் ஒரு உலோகம் கரையும். செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். பித்தளையோடு சேர்ந்தாலும் அப்படியே. எவர்சில்வர் போல்ட்டு போட்டாலும் போல்ட்டைச் சுற்றி அலுமினியம்தான் பொடியாகும். எலக்ட்ரீசியன் வேலை முடித்துவிட்டு ஒரு செம்புக் கம்பித் துண்டைப் படகின் அடியில் விட்டுப் போவார். அது கிடந்த இடத்தில் நாளடைவில் ஓட்டை விழும். சட்டைப் பையில் இருந்து விழுந்த 5 ரூபாய்க் காசும் இந்த வேலையைச் செய்யும். அந்தக் காசில் செம்புதான் அதிகம். எனவே வேலை முடிந்ததும் படகின் அடியைத் துப்புரவாகக் கூட்டி எடுங்கள். கூட்டுகிற வேலை கேவலமான வேலை இல்லை. வெல்டிங் வேலைக்குச் சமமான வேலை.

பெயிண்ட் அடிக்கும் தம்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப்பி ஒட்டாமல் இருக்கப் படகின் அடியில் ஒரு பெயிண்ட் அடிப்பார்கள். மரப் படகுக்கு அடிக்கும் அந்த வகைப் பெயிண்டில் பல நேரம் செம்பு இருக்கும். அதை அலுமினியத்தில் அடிக்கக் கூடாது. டப்பாவில் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

இந்தத் தவறு ஏழை நாட்டில்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கடற்படையில் 'இண்டிபெண்டன்ஸ்' என்று ஒரு போர்க் கப்பல். முழுவதும் அலுமினிய உடல். 2010 இல் படையில் சேர்ந்தது. அடுத்த வருடமே, 2011 இல், தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும் இயந்திரம் இருக்கும் இடத்தில் தகடு வேகமாக அரித்துப் போயிருப்பதைக் கண்டார்கள். இரண்டு உலோகம் சேர்ந்ததால் வந்த அரிப்பு. அதைத் தடுக்கும் ஏற்பாட்டை முதலிலேயே முழுமையாகச் செய்யவில்லை. பிறகு செய்தார்கள். அதே வகையைச் சேர்ந்த சில கப்பல்களில் விரிசலும் வந்தது என்று 2022 இல் செய்தி வெளியானது. பணம் எவ்வளவு இருந்தாலும் உப்புத் தண்ணீருக்குத் தெரியாது!

தடுக்கும் ஏற்பாடு என்ன? படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். துத்தநாகம் அலுமினியத்தை விட எளிதில் கரையும். அது தான் கரைந்து படகைக் காப்பாற்றும். இந்த யோசனை பழையது. 1824 இல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்ற அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். அப்போது மரக் கப்பலின் அடியில் செம்புத் தகடு அடிப்பார்கள். செம்பு அரிக்காமல் இருக்க அவர் துத்தநாகத் துண்டும் இரும்புத் துண்டும் வைத்தார். செம்பு அரிக்கவில்லை. ஆனால் அரிக்காத செம்பில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்து போயிற்று. கடற்படைக்காரர்கள் அவரைத் திட்டினார்களாம். ஆனால் அவர் காட்டிய வழி இன்றும் உலகம் முழுவதும் நடக்கிறது.

அந்தக் கட்டியின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் அது கரையாது. அது கரையாவிட்டால் படகு கரையும்.

இனி விரிசலுக்கு வருகிறேன். அரிப்பு வேறு, விரிசல் வேறு. அலுமினியக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். ஐந்தாறு தடவையில் ஒடிந்து போகும். ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும். படகில் எஞ்சின் அதிர்கிறது. அலை அடிக்கிறது. தகடு துளித் துளியாக வளைந்து நிமிர்கிறது, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. இரும்பு சின்ன அதிர்வை எவ்வளவு காலமானாலும் தாங்கிக்கொள்ளும். அலுமினியம் அப்படி இல்லை. சின்ன அதிர்வையும் அது கணக்கில் சேர்த்துக்கொண்டே வரும்.

எங்கே விரிசல் விழும்? வெல்டிங் முடியும் இடத்தில், சட்டம் திடீரென்று நிற்கும் இடத்தில், சதுரமாக வெட்டிய மூலையில், எஞ்சின் உட்காரும் மேடையின் காலில். இந்த இடங்களை முதலில் பாருங்கள்.

விரிசல் தலைமுடி போல மெல்லியதாக இருக்கும். பெயிண்டில் ஒரு கோடு தெரியும். அல்லது வெள்ளையாக ஒரு கோடு கசிந்திருக்கும். சந்தேகம் வந்தால் பெயிண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சிவப்புச் சாயச் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சற்று நேரம் விட வேண்டும். துடைத்துவிட்டு வெள்ளை மருந்தைத் தெளிக்க வேண்டும். விரிசலுக்குள் போன சாயம் வெளியே ஊறி வரும். வெள்ளையில் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும். சாயம் இல்லையா? ஒரு பக்கம் சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசிக் காய விடுங்கள். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். தகடு முழுக்க விரிந்திருந்தால் சாக்பீஸில் ஈரக் கறை தெரியும். பிறகு அந்த மண்ணெண்ணெய் முழுவதையும் போக்கிவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் நெருப்பு வேலை செய்யாதீர்கள். தீப்பிடிக்கும். வெல்டிங்கும் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக வரும்.

விரிசலைக் கண்டவுடன் வெல்டிங் எந்திரத்தை எடுக்கக் கூடாது. முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இது ஏன் வந்தது?

நான் பார்த்த ஒரு சிறிய படகு. பெயர் வேண்டாம், இடமும் வேண்டாம். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல். காண்டிராக்டர் ஆள் அனுப்பி மேலாக வெல்டிங் வைத்தார். சில மாதத்தில் அதன் பக்கத்திலேயே மறுபடி விரிசல். மறுபடி வெல்டிங். மூன்றாவது தடவை வந்த வயதான பிட்டர் ஒருவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. ஸ்பேனரை எடுத்து எஞ்சின் மேடையின் போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார். இரண்டு போல்ட்டு தளர்ந்து ஆடியது. எஞ்சின் தண்டு நேராக இல்லை. அதைச் சரி செய்த பிறகுதான் விரிசலை அடைத்தார்கள். அதற்குப் பிறகு அது வரவில்லை. மூன்று தடவை கூலி கொடுத்த முதலாளிக்கு ஒரு ஸ்பேனர் பதில் சொல்லிற்று.

அடைக்கும் முறையைச் சொல்கிறேன். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அங்கே பிடித்து இழுத்தால் சுலபமாகக் கிழியும். வெட்டு இல்லாத இடத்தில் பல்லால் கடித்தாலும் கிழியாது. விரிசலின் முனை அந்த வெட்டு மாதிரி. கூர்மையாக இருக்கும் வரை கிழித்துக்கொண்டே போகும். அதனால் விரிசலின் இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து, முனையைச் சற்றுத் தாண்டி வட்டமாக ஒரு ஓட்டை போட வேண்டும். வட்டத்தில் கூர்மை இல்லை. கிழிசல் நின்றுவிடும். பிறகு விரிசலை அடி வரை தோண்டி எடுத்து நிரப்ப வேண்டும். மேலாகப் பூசினால் உள்ளே விரிசல் அப்படியே இருக்கும்.

அரித்து மெலிந்த தகடாக இருந்தால் மெலிந்த பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு பொருத்த வேண்டும். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். மேலே இன்னொரு தகட்டை ஒட்டு போல வைத்து மூடுவது அவசர வேலைக்கு மட்டும்தான். இரண்டு தகட்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் கதை முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

அலுமினியம் 660 டிகிரி சூட்டில் உருகும். அதன் மேல் இருக்கும் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே தோலை எடுக்காமல் வெல்டிங் வைத்தால் உள்ளே உருகி ஓடும், மேலே ஒட்டாது. முதலில் எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள். பிறகு எவர்சில்வர் கம்பி பிரஷால் தேய்த்து உடனே வெல்டிங் வையுங்கள். அந்த பிரஷை இரும்புக்குப் பயன்படுத்தக் கூடாது. அலுமினியத்துக்கு என்றே தனியாக வைத்திருக்க வேண்டும். இரும்புத் தூள் ஒட்டினால் அது வேற்று உலோகம் ஆயிற்றே! இன்னொன்று. இரும்பு சூடானால் சிவக்கும். நமக்கு அறிவிப்புக் கொடுக்கும். அலுமினியம் சிவக்காது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கீழே விழும். வெந்த தகடும் வேகாத தகடும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். கை வைத்துவிடாதீர்கள்.

இப்போது எழுத்துக்கும் எண்ணுக்கும் வருகிறேன். அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. தகட்டின் மேல் ஒரு எண் அச்சடித்திருக்கும். 5083 என்று இருந்தால் அதில் மெக்னீசியம் கலந்திருக்கிறது. கடல் தண்ணீருக்கு நல்லது. படகின் உடலுக்கு இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். 6061 என்று இருந்தால் அது வேறு. சட்டத்துக்கும் குழாய்க்கும் வரும். வெல்டிங் வைத்த இடத்தில் அதன் பலம் வெகுவாகக் குறையும். நிரப்பும் கம்பிக்கும் எண் உண்டு. 5083 தகட்டுக்கு 5183 அல்லது 5356 கம்பி சரி. 4043 கம்பி 5083 தகட்டுக்கு ஆகாது. வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இடம் நொறுங்கும் தன்மை அடையும். இரண்டு கம்பியும் ஒரே நிறம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தால்தான் தெரியும். ரொம்ப காலம் நம் ஆட்கள் பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கம்பெனி பெட்டியின் நிறத்தை மாற்றினால் என்ன செய்வது?

"தாராவியில் உருக்கும் அலுமினியத்தில் தகடு செய்யலாமா?" என்று தம்பி கேட்கிறார். தாராவியில் பழைய டப்பா, பாத்திரம், எஞ்சின் பாகம் எல்லாவற்றையும் உருக்கிக் கட்டி ஊற்றுகிறார்கள். பெரிய தொழில். வீணாகப் போகும் உலோகத்தைக் காப்பாற்றும் தொழில். அந்தக் கட்டியில் வேறு வார்ப்பு வேலை செய்யலாம். படகின் அடிக்கு வேண்டாம். எஞ்சின் பாகங்களில் செம்பு கலந்திருக்கும். அந்தச் செம்பு உருகிக் கலந்துவிடும். வெளியே இருக்க வேண்டிய எதிரி தகட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

கடைசியாக உயிர் விஷயம். இதை நிதானமாகக் கேளுங்கள்.

அலுமினிய வெல்டிங்குக்கு ஆர்கான் என்ற வாயு வேண்டும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றை விடக் கனமானது. படகின் அடி அறையில் வேலை செய்யும்போது ஆர்கான் தண்ணீர் போலக் கீழே தேங்கும். மூச்சு விடும் காற்றை மேலே தள்ளிவிடும். அங்கே குனிந்து வேலை செய்கிறவருக்கு மூச்சுத் திணறல் கூடத் தெரியாது. அப்படியே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். சாக்கடைக் குழியில் நடப்பது போலத்தான். ஆகவே காற்று ஊதும் குழாய் இல்லாமல் அடி அறையில் இறங்காதீர்கள். மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அவர் கீழே குதிக்கக் கூடாது. கூச்சல் போட்டு ஆள் கூப்பிட வேண்டும். இடுப்புக் கயிற்றைப் பிடித்து மேலிருந்து இழுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது வாயுக் குழாயை உள்ளே விட்டுவிட்டு வராதீர்கள். வால்வு கசிந்தால் அறை நிறைந்துவிடும்.

எண்ணெய்ப் பசை போக்கும் சில திரவங்களில் குளோரின் சேர்ந்திருக்கும். அதன் ஆவி வெல்டிங் ஒளியில் பட்டால் விஷ வாயுவாக மாறும். டப்பாவைப் படியுங்கள். படிக்க முடியாத மொழியில் இருந்தால் மேஸ்திரியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும் வரை திறக்காதீர்கள். அலுமினியத் தூளையும் துருத் தூளையும் ஒரே குவியலில் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்து தீப்பிடித்தால் இரும்பையே உருக்கும் சூடு வரும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம்.

"இவ்வளவும் கேட்டால் நாளைக்கு வேலை கொடுப்பார்களா?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஒரு ஆள் கேட்டால் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். பத்துப் பேரும் சேர்ந்து காற்றுக் குழாய் கேட்டபோது கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரே ரயிலில்தானே போகிறோம். ரயிலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்தால் மறுபடி சிவப்புச் சாயம் போட்டுப் பாருங்கள். வெல்டிங் எர்த் வயரைப் படகிலேயே, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். கரையில் மாட்டினால், தண்ணீரில் நிற்கும் படகின் தகட்டை மின்சாரம் அரிக்கும். எவர்சில்வர் போல்ட்டுக்குக் கீழே நைலான் வாஷர் போடுங்கள். துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். மாற்றிய தேதியை அடி அறைக் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவர் படித்துக்கொள்வார்.